கேதம் கேட்க வந்தவர்

பேரையூர்
11.4.82

அக்காவுக்கு,

நலம் விசாரித்தால் அதிலேயே அரைப் பக்கம் போய்விடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒச்சாயி அத்தை உன்னிடம் வந்து சொன்னது உண்மைதான். அய்யா ஆத்தாவைக் கேட்கும்போதெல்லாம், "ஆத்தா செத்துப்போச்சு, போன ஆடியில" என்றுதான் சொல்கிறேன். நான் மில்லுக்குப் போன பிறகு அய்யாவைப் பார்த்துக்கொள்வது அத்தைதான். அதனால் புகார் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் "கல் நெஞ்சுக்காரன்" என்று நீ எழுதியிருப்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மோட்டார் எரிந்துபோனால் எரிந்துபோச்சு என்று சொல்வதுதான் நான் படித்த படிப்பு. சுற்றிவளைக்க எந்த டிப்ளமோவிலும் சொல்லித்தரவில்லை.

அவர் அழுகிறார், இல்லை என்று சொல்லவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். பிறகு மறந்துவிடுகிறார். மறுபடி, "ரெங்கம்மா எங்க போனா, இம்புட்டு நேரமாக் காணோம்" என்கிறார். நான் மறுபடி சொல்கிறேன்.

நீ சொன்ன பொய் என்ன ஆச்சு என்பதை மறந்துவிட்டாயா? பொங்கலுக்கு வந்தபோது, "ஆத்தா மதுரைக்கு வண்டியூர்த் தெப்பம் பாக்கப் போயிருக்குய்யா, வந்துரும்" என்று நீதான் சொன்னாய். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். இவர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டார். மதுரையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து போய், இறங்குகிற பொம்பளைகள் முகத்தைப் பார்த்திருக்கிறார். வெயிலில் உதடு வெடித்துப்போயிருந்தவரைக் கூட்டிவந்தேன். என் உண்மையால் ஒரு தடவை அழுகிறார். உன் பொய்யால் நாள் பூராவும் நின்றார். எது மேல் என்று நீயே சொல்.

மற்றபடி அவர் சுகம். நன்றாகச் சாப்பிடுகிறார். நான் யாரென்றுதான் தெரியவில்லை. வீட்டில் எப்போது பார்த்தாலும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் என்னை "கரண்டுக்காரத் தம்பி" என்று கூப்பிடுகிறார். நேற்று குளிப்பாட்டித் துவட்டிவிட்டதும், "வேலை சுத்தமா இருக்கு, நீ எந்த ஊரு?" என்று கேட்டார்.

வெளியே போனால் தெரியட்டும் என்று வாசல் படலுக்கு ஒரு கரண்ட் மணி மாட்டியிருக்கிறேன். திறந்தால் பக்கத்தில் அத்தை வீட்டில் அடிக்கும். உதவி கேட்டு இதை எழுதவில்லை.

சுருளி


தல்லாகுளம்
17.4.82

தம்பி சுருளிக்கு,

உன் கடுதாசியை உன் மச்சான்கிட்டக் காட்டல. காட்டியிருந்தா, கோர்ட்டுல வக்கீல் நோட்டீஸே இதைவிடத் தன்மையா வரும்னு சொல்லியிருப்பாரு.

நீ சொல்றது உண்மைதான்டா. யாரு இல்லைன்னா? ஆனா ஆத்தா செத்ததை நீ சொல்ற விதத்தைக் கேட்டா, பஞ்சாயத்து ஆபீஸ்ல இறப்புச் சான்று எழுதுறவன் சொல்ற மாதிரி இருக்கு. ஆத்தாவைத் தூக்குன அன்னிக்கு நீ எங்க நின்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பந்தல் டியூப்லைட் விட்டுவிட்டு எரியுதுன்னு ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்த. உன் கண்ணுல நான் தண்ணியே பாக்கல. உனக்கு வராத அழுகையைத்தான் அய்யாகிட்ட இருந்து தெனமும் வாங்கிக்கிட்டு இருக்கியோன்னு தோணுது. கோவிச்சுக்காத. நான் மனசுல பட்டதைச் சொல்றேன், நீ மட்டுந்தான் சொல்லலாம்னு இல்ல.

அய்யாவை இங்க கூட்டியா. பெரியாஸ்பத்திரி டாக்டர் மருந்து இல்லைன்னு சொன்னாலும் இங்க நாலு மனுஷர் முகம் பாத்துக்கிட்டு இருப்பாரு. உன் மச்சான் பின்கட்டுல கட்டில் வாங்கிப் போட்டுட்டாரு. ஆத்தா என் வீட்டுல இருக்கு, கோயிலுக்குப் போயிருக்குன்னு நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குவேன்.

இன்னொண்ணு. ஆடியில ஆத்தாவுக்குத் தலைத் தெவசம் வருது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தம் முழுசும் வரும். எல்லாரும் கூடியிருக்க, போட்டோவுக்கு மாலை போடுற நேரத்துல, "ரெங்கம்மா எங்க"ன்னு அய்யா கேட்டா என்ன ஆகும்? பேயாண்டி ஒரு வார்த்தை சொன்னா ஊருச் சபையில மறுபேச்சு கிடையாதுன்னு இருந்த மனுஷன். அவரைப் பாத்து நாலு பேரு துண்டால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க நான் விடமாட்டேன். அவருக்கு இது எப்பவோ ஆரம்பிச்சிருச்சு. ஆத்தாதான் ஒருத்தருக்கும் தெரியாம மூடி மூடி வச்சுச்சு. அந்த மானத்தை நாம காப்பாத்தணும். தெவசத்துக்கு முந்தி அவரை இங்க கொண்டாந்து விட்டுரு.

அன்னக்கொடி


பேரையூர்
6.6.82

அக்காவுக்கு,

அய்யாவை அனுப்பமாட்டேன். பரணில் ஏற்றி மறைத்துவைக்க அவர் ஓட்டைப் பானை இல்லை.

டியூப்லைட் விஷயத்துக்குப் பதில்: அது விட்டுவிட்டு எரிந்தது. யாராவது சரிபார்க்கத்தான் வேண்டும்.

போன வாரம் நடந்ததைக் கேள். மணி ஸ்விட்சை, படல் திறந்து வந்து முட்டும் இடத்தில் மாட்டியிருந்தேன். அய்யா படலைத் திறக்கவே இல்லை. கீல் இருக்கிற பக்கம் போய், ரெண்டு கையாலும் தூக்கிக் கழற்றி, சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மணி எப்படி அடிக்கும்? அத்தைக்கே தெரியவில்லை. எனக்கு மில்லுக்கு ஆள் வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு கண்மாய், கிணறு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடினேன். கிணற்றுக்குள் மூணு தடவை எட்டிப் பார்த்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், நீ ஒன்றையும் விடமாட்டாய்.

கடைசியில் மேற்கே அடுத்த ஊரில் கொட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ தோன்றி அங்கே போனேன். சாவு விழுந்த கேத வீடு. பந்தலுக்குள் பெஞ்சில், ஆம்பளைகள் நடுவில் அய்யா உட்கார்ந்திருந்தார். கொட்டு கேட்கவும் அந்தத் திக்கில் நடந்து வந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த வீட்டு மகன், முத்திருளன் என்று பெயர், எழுந்து வந்து என்னைக் கும்பிட்டான். "அய்யாவை அனுப்பிவச்சதுக்கு நன்றிண்ணே" என்றான். ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை அக்கா. அய்யா பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றியிருக்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறார். துக்கக்காரர்கள் வரிசையில் ஒவ்வொருத்தர் முன்னாலும் ரெண்டு கையையும் நீட்டித் துக்கம் கேட்டு, அவர்கள் தொட்ட பிறகு அடுத்த ஆளிடம் நகர்ந்திருக்கிறார். ஒரு ஆளைக்கூட விடவில்லை. முத்திருளன் முறை வந்ததும் நின்று, "சாப்டியாப்பா?" என்று கேட்டாராம். இல்லையென்று அவன் தலையாட்டியதும், "கொள்ளி வைக்கிறவன் மயங்கி விழுந்தா பொணம் காத்துக் கிடக்கும். ஒரு வாய் நீச்சத்தண்ணியாச்சும் குடி" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்திருக்கிறார். "வந்தவங்க எல்லாரும் ஆத்தாளைத்தான் கேட்டாங்க, இவருதாண்ணே என்னையக் கேட்டாரு" என்றான் அவன்.

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். வழியில், "யாரு வீட்டுக் கேதம் தம்பி?" என்று என்னையே கேட்டார்.

காலையில் சாப்பிட்டது ஞாபகம் இல்லை. பெற்ற மகன் முகம் ஞாபகம் இல்லை. ஆனால் கேத வீட்டில் எப்படி நிற்கவேண்டும் என்பது அவரிடம் முழுசாக இருக்கிறது. இப்படிப்பட்ட மனுஷரைத் தெவசத்தன்று பின்கட்டில் கட்டில் போட்டு உட்காரவைக்கச் சொல்கிறாய். ஆத்தா தெவசத்தில் அவர் பந்தலில்தான் இருப்பார். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

சுருளி


தல்லாகுளம்
12.6.82

சுருளிக்கு,

படிச்சேன். பெருமையா இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன், கொஞ்ச நேரம் அழுகையாவும் வந்துச்சு.

ஆனா அது அடுத்த வீட்டுக் கேதம். அடுத்த வீட்டுல எல்லாரும் நிமிந்து நிக்கலாம். சொந்த வீட்டுல, சொந்தப் பொண்டாட்டி போட்டோவுக்கு முன்னாடி நிக்கிறது வேற. அன்னிக்கு அவரு உடைஞ்சு போயி தலையில அடிச்சுக்கிட்டா நீ என்ன செய்வ? ஏணியைப் போட்டு எதையாச்சும் கழட்டி மாட்டுவியா?

உனக்கு உன் பிடிவாதம். அய்யாவை வச்சு நீ ஜெயிக்கப் பாக்குற.

அதனால ஒரு பேச்சு பேசிக்குவோம். தெவசத்துக்கு நானும் உன் மச்சானும் வாடகைக் காரு பிடிச்சு வர்றோம். அய்யா பந்தல்லயே இருக்கட்டும். சபையில அவருக்கு ஒரு தலைகுனிவு வந்தாலும், அன்னிக்கே அதே கார்ல இங்க வந்துருவாரு. அப்புறம் உன் வாயில ஒரு பேச்சு வரக்கூடாது. சம்மதமான்னு எழுது.

ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் ஆத்தா செத்துப்போச்சுடா. காரியம் முடிஞ்சு இங்க திரும்புன மறுநாளே நான் இட்லிக்கு மாவாட்டினேன். இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் ஆத்தாவைத் தெரியாது. நீ எனக்கு எழுதுற கடுதாசியில படல், மணி, மோட்டாரு எல்லாம் வருது.

அன்னக்கொடி


பேரையூர்
20.6.82

அக்காவுக்கு,

சம்மதம். கடைசியாக நீ எழுதியிருந்ததற்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நாலு கார்டு எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

சுருளி


தல்லாகுளம்
31.7.82

தம்பிக்கு,

சின்ன மகளுக்கு அம்மை போட்டிருச்சு. முகம், முதுகெல்லாம் முத்து. வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. இனி தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வீட்டு ஆளுக யாரும் எங்கயும் போகக்கூடாது, கேத வீடு தெவச வீட்டுப் பக்கம் தலைவச்சே படுக்கக் கூடாது. உனக்கு இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எழுதத் தோணும், எழுதாத. மாரியாத்தா வந்திருக்கிற வீட்டை விட்டுட்டு ஆத்தா தெவசத்துக்கு வந்தா, ஆத்தாவே என்னைய ஏசும்.

பெத்த ஆத்தா தலைத் தெவசத்துக்கு நான் இல்ல.

காரும் வராது. பேசுன பேச்சு அப்படியேதான் இருக்கு, ஆனா பக்கத்துல இருந்து பாக்க நான் இல்ல. உன்கிட்டக் கெஞ்சிக் கேக்குறேன், மாலை போடுற நேரத்துக்கு மட்டும் அய்யாவை ஒச்சாயி அத்தை வீட்டுல உக்காத்தி வையி. கேக்கமாட்ட. அப்படின்னா நடந்ததை ஒண்ணு விடாம எழுது. நல்லதோ கெட்டதோ, பூசி மெழுகாம எழுது. அந்த ஒரு விஷயத்துல உன்னை நம்பலாம்.

அன்னக்கொடி


பேரையூர்
8.8.82

அக்காவுக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் படி.

காலையில் அய்யாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். சவரம் செய்துவிட்டேன். போட்டோவுக்கு இடப்பக்கம் ஜமக்காளம் விரித்து, அவர் உட்கார வேண்டிய இடத்தில் தலையணை போட்டிருந்தேன். நான் படையல் சாமான் எடுக்க உள்ளே போன நேரத்தில் அவர் எழுந்து கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார். அத்தை பின்னாலேயே போயிருக்கிறாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கமாக வாசலுக்கு வந்தவர், பந்தல், ஆள்கூட்டம், பொட்டு வைத்த போட்டோ எல்லாவற்றையும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

தெவசத்துக்குக் கை நீட்டிக் கேட்கிற வழக்கம் கிடையாது என்பது உனக்கும் தெரியும். அவருக்கு அது கேத வீடாகத்தான் தெரிந்திருக்கிறது. தன் வீடு என்றும் தெரியவில்லை.

வரிசையில் ஒவ்வொருத்தரிடமாகக் கை நீட்டிக்கொண்டு வந்தார். ஆத்தாகூடப் பிறந்த மாமன்மார் என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டார்கள். உசிலம்பட்டிக் கூட்டத்தில் ஒருத்தன், "கிழவன் பொண்டாட்டி தெவசத்துக்கே விருந்தாளியா வர்றான்யா" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள். ஒச்சாயி அத்தை திரும்பினாள். "ஒங்கப்பன் செத்தப்போ மொத ஆளா வந்து தோள் குடுத்தது யாருன்னு வீட்டுல கேட்டுட்டு வா. பெறகு வந்து சிரி" என்றாள்.

கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். ரெண்டு கையையும் நீட்டினார். நான் தொட்டேன். அவர் நகரவில்லை.

"யாருப்பா தவறுனது?" என்றார்.

ஒரு வருஷமாக ஆத்தாவைப் பற்றி எது கேட்டாலும் ஒரே பதிலைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரெங்கம்மா செத்துப்போச்சு, உங்க பொண்டாட்டி செத்துப்போச்சு. நாக்கில் தயாராக இருந்தது. பந்தல் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் வந்தது வேறு.

"எங்க ஆத்தாங்கய்யா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. அதுவும் உண்மைதான். அதை இதுவரை ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "அடப் பாவமே" என்றார். "என்ன செஞ்சுச்சு?"

சொன்னேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்ததையும், நெஞ்சைக் கரிக்குதென்று வேப்பமரத்தடியில் படுத்ததையும், வண்டி கட்டுவதற்குள் முடிந்துபோனதையும் சொன்னேன். எனக்கு மில்லில் ஷிப்ட், நான் வந்தபோது மடியில் பருத்தி அப்படியே இருந்தது என்றேன். சுருக்கமாக எழுதுகிறேன்: அழுதேன். உசிலம்பட்டி ஜனம் முழுக்கப் பார்த்தது. எனக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

அய்யா அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கக்கத்துத் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். "அழுதுரு தம்பி, பெத்தவளுக்கு அழாம யாருக்கு அழப்போற" என்றார். மாமன் ஒருத்தர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இவர் ஊருக்கெல்லாம் நின்ற ஆள் என்று எனக்குக் கேள்விஞானம்தான். அன்றைக்கு எனக்கு நின்றார்.

படையல் முடியும்வரை என் கையை அவர் விடவில்லை. அதனால் அவர் எங்கே உட்காரவேண்டும் என்று நாம் சண்டை போட்டோமோ, அங்கேதான் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மாலை போடக் கூப்பிட்டேன். வந்து போட்டார். போட்டோவை நெருங்கிப் பார்த்தார்.

"லட்சணமான பொம்பளை" என்றார். "புருஷன் இருக்கானா?"

"இருக்காருங்கய்யா."

"அவன்கிட்ட யாராச்சும் பேசுனீங்களா? பொம்பளை போயிட்டா ஆம்பளைக்கு வீட்டுல எது எங்க இருக்குன்னே தெரியாதுப்பா. அவனைத் தனியா விட்டுறாதீங்க."

"விடமாட்டோம்" என்றேன்.

நடந்தது இதுதான். சபையில் அவருக்குத் தலைகுனிவு வந்ததா இல்லையா என்பதை நீயே முடிவு செய். சாப்பிட்டுக் கிளம்பும்போது பெரிய மாமன் என்னிடம், "கேதம் கேக்குறதுன்னா பேயாண்டி கேக்கணும்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, அத்தை சாட்சி.

ரெண்டு நாளாக அவர் ஆத்தாவைக் கேட்டால், "எங்க ஆத்தா தவறிப்போச்சுங்கய்யா" என்கிறேன். உடனே அவர் கேள்வி என் பக்கம் திரும்பிவிடுகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்கிறார். நேற்று தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தார். இதுவும் எத்தனை நாளைக்கு ஓடும் என்று தெரியாது. ஓடுகிறவரை ஓடட்டும்.

போன கடுதாசிக்கு முந்தினதில், உனக்கும் ஆத்தா செத்துப்போச்சு என்று எழுதியிருந்தாய். அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது கேட்கிறேன். அக்கா, நீ சாப்பிடுகிறாயா? உனக்குத் தூக்கம் வருகிறதா?

சுருளி


தல்லாகுளம்
14.8.82

தம்பி சுருளிக்கு,

சின்னவளுக்கு முத்து இறங்கிருச்சு. நேத்து தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. இன்னும் ரெண்டு தண்ணி ஊத்தணும். அது முடிஞ்சதும் நான் மட்டும் பஸ்ஸுல வாரேன்.

உன் கடுதாசியை உன் மச்சான்கிட்டக் குடுத்தேன். படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அப்புறம் பின்கட்டுக்குப் போயி கட்டிலை மடக்கிச் செவுத்துல சாத்துனாரு. நான் ஒண்ணும் சொல்லல, அவராத்தான் செஞ்சாரு.

கேட்டதுக்குப் பதில்: சாப்புடுறேன், ருசி தெரியல. தூக்கம் வரல. கேட்டியே, அது போதும்.

சிரிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவன் ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். பேயாண்டி மக நான்.

நான் வந்து இறங்குனா அய்யாவுக்கு என்னைத் தெரியாது. போன தடவை தெரிஞ்ச மாதிரி நடிச்சாரு, நானும் நம்புன மாதிரி நடிச்சேன். இந்தத் தடவை அதெல்லாம் வேண்டாம். பொம்பளைக்குக் கை நீட்டிக் கேக்குற வழக்கம் இல்லதான். ஆனாலும் கேத வீட்டுல முக்காடு போட்டு ஒரு பொம்பளை நின்னா ஒரு வார்த்தை கேக்காமப் போற மனுஷன் இல்ல அவரு.

நான் வாசல்லயே நிப்பேன். அய்யா வந்து, "யாரும்மா நீ, யாரு தவறுனது"ன்னு கேப்பாரு. நீ குறுக்க விழுந்து எதுவும் சொல்லிறாத. நானே சொல்லிக்கிறேன்.

அன்னக்கொடி